பாட்டுக்கு அடியில் ஓடும் மெஷின்

மார்ச் 9, திங்கட்கிழமை, மாலை 4.20. இந்த மாதத்தில் மட்டும் நீ எடுக்காமல் விட்ட என் போன் கால்கள் பதினொன்று.

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். மெசேஜை நீ திறக்காமலே விட்டுவிடுவாய், தபாலில் வந்த கவரைப் பிரிக்காமல் வைக்க உன்னால் முடியாது, அது உன் அம்மா வழிக் குணம், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். முப்பத்தொன்பது வயசு அப்பன் புத்தி சொன்னால் எடுபடாது மச்சான், தலை நரைக்கட்டும் என்று உன் மாமா கிண்டல் செய்வான், அதனால் புத்தி கடைசியில் கொஞ்சமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னை இப்போது மூன்று மாடி மெஷின்களுக்கும் பொறுப்பாக்கிவிட்டார்கள், சம்பளம் மட்டும் இன்னும் ஒரு மாடிக்குத்தான் வருகிறது. அம்மாவுக்கு ரொட்டி ஃபேக்டரியில் அதே நைட் ஷிஃப்ட்தான். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறாள். உன் மாமா, அவள் தம்பி, போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லாமல் போனது உனக்குத் தெரியும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவள் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து ஃபிரிட்ஜைத் தூங்க வைத்தாள். அப்புறம்தான் ஜனவரியில் நீ அந்த ஒரு மணி நேரப் பாட்டை அனுப்பினாய், மனசு அமைதியாகும், போட்டுக்கிட்டுப் படும்மா என்று. பாட்டு என்றால் வார்த்தை இல்லை, தாளம் இல்லை, எங்கோ மழை, யாரோ ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திவிட்டு எழுந்து போன மாதிரி ஒரு நீளமான சுரம், அவ்வளவுதான். ஃபேன் ஓடுற சத்தத்துக்கு எதுக்குடி சவுண்ட் படிப்பு என்று நான்கூடச் சிரித்தேன். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டதும் அம்மா பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். மூன்று மணி வரைக்கும் அசையவில்லை.

கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு தையல்காரர் குடிவந்திருக்கிறார், உன் மாமாவை அவர் பார்த்ததே இல்லை. போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, உங்க வீட்ல மூச்சு மெஷின் ஓடுதா சார், எங்கப்பாவுக்கும் வெச்சிருந்தோம், அந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், பகல்ல கேக்குது, பேஷண்ட் இப்ப பரவாயில்லையா என்று கேட்டார். ஃபிரிட்ஜாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுத்த லீவு நாளில் பகல் முழுக்க வீட்டில் இருந்தேன், எனக்கும் கேட்டது. நீள மூச்சு ஒன்று, குட்டை மூச்சு ஒன்று, நீளம், குட்டை. அது ஏதோ ஒரு ஆக்சிஜன் மெஷின் சத்தம் இல்லை, நம் வீட்டில் உன் மாமாவுக்கு ஓடின மெஷின். இடது வால்வு தேய்ந்து நொண்டும், எனக்கு மாதிரியே இதுக்கும் ஒரு பக்கம் வேலை செய்யல மச்சான், நல்ல ஜோடிப் பொருத்தம் என்று உன் மாமா தட்டிக் கொடுப்பானே அதேதான். அம்மா பாட்டுப் போடும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெஷின் படித்தவன், மெஷினில் சோறு தின்பவன், நேராக உன் மாமா படுத்திருந்த சின்ன அறைக்குப் போய் நின்றேன். கட்டில் இல்லை, மெஷினைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான், தரையில் அதன் நாலு சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே அது ஓடுவதைக் கேட்டேன். குனிந்து தடத்தைத் தொட்டுப் பார்த்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். பிறகுதான் அது அம்மா அறையிலிருந்து வருகிறது, உன் பாட்டுக்கு அடியில் ஓடுகிறது என்று புரிந்தது.

என் குணம் உனக்குத் தெரியும், கோளாறு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. இது தெரிந்தால் அம்மா உடைந்துபோவாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமான பாட்டை அவளுக்குச் சொல்லாமல் அவள் போனில் ஏற்றினேன். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைப்பு வேறு. மறுநாள் நான் சாப்பாட்டு மேஜையில் இருந்தேன், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அறையைவிட்டு வெளியே வந்தாள், கண் திறந்திருந்தது, என்னைத் தாண்டிப் போனாள், பார்க்கவில்லை. சின்ன அறைக்குள் போய் சுவிட்சை மேலும் கீழும் தட்டினாள். கட்டில் இருந்த இடத்தில் குனிந்து, டேய் பயப்படாதே, கரண்டுதான் போயிருக்கு, அக்கா சிலிண்டர் மாத்திடறேன் என்று சொல்லிக்கொண்டே வெறும் காற்றில் ஒரு குழாயைச் சரிசெய்தாள். வெளியே நல்ல வெயில், கீழே தையல் மெஷின் ஓடுகிறது, நான் எழுந்து அந்த அறை வாசலில் நின்றேன். அந்த மெஷினுக்கு அலாரம் ஊமை, பாகம் கிடைக்கவில்லை, சத்தம் நின்றால் எழுந்திரு என்பதுதானே இரண்டு வருடமாக நம் வீட்டுச் சட்டம். நான் நிறுத்திவிட்டேன், அவள் எழுந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தாள், நினைவு வந்தது, என்னைப் பார்த்து முதலில் கேட்டது, பாட்டுல எதை எடுத்தீங்க என்று.

பாட்டுக்கு அடியில் மெஷின் ஓடுவது அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். தெரிஞ்சுதான் தூங்கினேன், அது ஓடிக்கிட்டிருந்தா நான் எழுந்திரிக்க வேண்டாம் இல்ல என்றாள். அதோடு நிற்கவில்லை, உன் விஷயத்தையும் சொல்லிவிட்டாள், என்னிடம் சொல்லக் கூடாது என்று நீ வாங்கின சத்தியத்தை உடைத்துவிட்டாள், அவளைத் திட்டாதே. உங்க மகளும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறா, தம்பி போன அன்னிக்கு மெஷின் நின்னது காதுல விழாம உட்கார்ந்திருந்தேன்னு நெனச்சு நெனச்சுச் சாகிறா, அதான் வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கிறா என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. மெஷின் நிற்கவில்லை. நிறுத்தியது நான். அன்று மதியம் சாப்பிட வந்தேன். மாமாவைப் பார்த்துக்கொள்வது உன் முறை, நீ ஜன்னல் பக்கம் திரும்பிக் காதில் அந்தப் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாய். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அளவு சரியாக இருந்தது, குழாய் மூக்கில் சரியாக இருந்தது. உன் மாமா கை இன்னும் சூடாக இருந்தது, நாடி இல்லை, கழுத்திலும் பார்த்தேன், இல்லை. நெஞ்சு நின்றுபோனது, டாக்டரும் அதையேதான் எழுதினார். வேலை முடிந்த மெஷினை அணைப்பது எனக்குக் கைப்பழக்கம், கை தானாகப் போய் அணைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் உன் தோளைத் தொட்டேன். நீ ஹெட்போனைக் கழற்றியபோது அறையில் சத்தம் இல்லை. நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை, உன் அழுகை மாமாவுக்காக என்றே இருந்துவிட்டேன். மழைக்காக ஜன்னலில் நீ ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தாய், இந்தப் பாட்டு அதிலிருந்துதான் வந்திருக்கிறது. அந்த முழு ரெக்கார்டிங்கின் கடைசிப் பகுதியை நீ கேட்டிருக்க மாட்டாய். என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் கேள், முதலில் கதவு, என் செருப்பு, கொஞ்ச நேரம் மெஷின் மட்டும், அப்புறம்தான் சுவிட்ச். நம்பினால் கேட்க வேண்டாம். இன்னொன்று. நீ அனுப்பிய ஒரு மணி நேரத்தில் மழைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆளின் மூச்சும் இருக்க வேண்டும். எந்த இடம் வரைக்கும் இருக்கிறது என்று என்னால் ஒரே சாயங்காலத்தில் பிரித்துக் கண்டுபிடித்துவிட முடியும். தேடவில்லை. தேட மாட்டேன். நீயும் தேடாதே.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒழுங்காக ஓடுகிற மெஷின்கூட எனக்கு நொண்டுவதாகக் கேட்கிறது, திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, மூடிவிடுகிறேன். உனக்கும் அப்படி இருந்தால் சொல், பைத்தியம் இல்லை, பழக்கம். தூங்கும்போது காதில் எதையும் மாட்டாதே, ஸ்பீக்கரில் போடு, காது கெட்டால் உன் தொழிலும் கெடும். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அந்த மெஷினுக்கு நீ இனிமேல் காவல் இருக்க வேண்டாம், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், உன்னைக் கட்டிக்கொண்டதாகவும் எழுதச் சொன்னாள். நான் அடுத்துச் செய்யப்போவது:

1. நான் வெட்டின பாட்டை அழிப்பேன். நீ அனுப்பியதை அம்மா போனில் திரும்ப ஏற்றியாயிற்று.

2. அம்மா சொல்லும் வரைக்கும் சின்ன அறையில் எதையும் சரிசெய்ய மாட்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அம்மா படுக்கும் நேரத்தில், உன்னைக் கூப்பிடுவேன். நீ பேச வேண்டாம். எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ நாற்காலி இழுப்பதும் தண்ணீர் குடிப்பதும் எங்களுக்குக் கேட்டால் போதும். இந்தப் பக்கத்திலிருந்து நான் அணைக்க மாட்டேன்.

அப்பா