டிரைவர் பக்கத்து ஒற்றைச் சீட்

அக்டோபர் 6

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முழங்காலில் வலி. வாய்க்கு ஒன்றும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். மீறிக் கைக்கு வந்தாலும் "சாப்பிட்டியா"வைத் தாண்டி எனக்கு நாக்கு நகர்வதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று காலையில் டீம் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். நம் டீம் கீப்பர், அதுதான் போஸ்டாபீஸ்காரி, வந்து நின்று, "என்ன டிரைவரண்ணா, பொண்ணு கட்சி மாறிட்டாளாமே?" என்றாள். நான் பெரிய புத்திசாலியாக, "அவளுக்கு ஓட்டே இந்த ஊர்லதானேம்மா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில்தான் விஷயம் விளங்கியது. வேலைக்குப் போன இடத்தில் அந்த மாநிலப் பெண்கள் கிரிக்கெட் டீமிலேயே சேர்ந்துவிட்டாயாம். பேப்பரில் பெயர்ப் பட்டியலே வந்துவிட்டதாம். பெற்றவனுக்கு மட்டும் தபால் லேட்.

கோபம் இல்லை, கண்ணு. கொஞ்சம் இருந்தது, வண்டி கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் ஒன்று. நம் டீம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம். இதுவரை அறுபத்து மூன்று பேர் ஆடியிருக்கிறார்கள். முதல் ஆட்டம் ஆடப்போகிற அன்றைக்கு ஒவ்வொருத்தியும் என் பக்கத்து ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்துதான் மைதானத்துக்கு வந்திருக்கிறாள். கேட் வந்ததும் நான் இரண்டு ஹாரன் அடிப்பேன். முதல் கேப்டன் நர்ஸம்மா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்து ஏறி, வழி முழுக்கத் தூங்கினாள். கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்து, போன வேகத்தில் பூஜ்யத்தில் அவுட்டானாள். எக்ஸ்பிரஸ் என்று பேர் வாங்கிய பௌலர் பயத்தில் என் தொப்பியில் வாந்தி எடுத்தாள். இருபத்தொன்பது ரன்னுக்கு மொத்த டீமும் சுருண்ட வருஷமும் உண்டு, இறுதி ஆட்டத்தில் இரண்டே ரன்னில் தோற்ற வருஷமும் உண்டு. அத்தனை பேரும் உட்கார்ந்த சீட்டில் உன்னை ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி உங்கள் டீம் இங்கேதான் ஆட வருகிறதாம். வீட்டுக்கு வருவாயா, எதிரி வீடு என்று ஓட்டலோடு போய்விடுவாயா?

அன்பு அப்பா

*

அக்டோபர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் நீங்க "சாப்பிட்டியா" என்றீங்க, நான் "ம்" என்றேன். அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

அப்பா, மூணு வருஷம் நம்ம டீமுக்கு ரிசர்வாக வந்தேன். கடைசி சீட்டில், கிட் பைகளுக்கு நடுவில். அங்கிருந்து பார்த்தால் அந்த ஒற்றைச் சீட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். அதில் வேறு யாராவது உட்காரும்போதெல்லாம் நீங்க ஹாரன் அடிப்பீங்க, நானும் எல்லோரோடும் கை தட்டுவேன். எனக்கு இனி நேரம் வராது என்று தோன்றியது. இங்கே கேட்டார்கள், சரி என்றேன்.

அந்த ஆட்டத்தில் என்னை இறக்கினாலும் இறக்கலாம். இறக்கினால் அதுதான் என் முதல் ஆட்டம். நீங்க அன்றைக்கு யார் பக்கம் என்று கேட்க மாட்டேன். என் பந்தில் நம்மவர்கள் அவுட்டானால் உங்க முகம் எப்படி இருக்கும் என்றுதான் பயம்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 24

கண்ணு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிட் பைகள் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் தூசி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகத் தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நீ ரிசர்வாகச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் கோச்சம்மா தனியாக வண்டியில் உட்கார்ந்திருந்தார். "டிரைவரண்ணா, வீட்ல தினமும் பார்க்கறீங்க. உங்க பொண்ணு பந்து எப்படி? இந்த ஆட்டத்துல இறக்கலாமா?" என்று கேட்டார்.

கொல்லையில் நான் வைத்த வாளியில் ஆறு பந்துக்கு ஐந்தை நீ விழ வைப்பாய். எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்ததும், பஸ் ஓட்டுகிறவன் மகளுக்கு சீட் பிடித்துக் கொடுத்தான் என்று நாலு பேர் சொல்வார்களே என்று தோன்றியது. ஊரான் பெண் என்றால் வானத்துக்கு ஏற்றியிருப்பேன். சொந்தப் பெண்ணாச்சே! "இன்னும் கொஞ்சம் தேறணும் மேடம்" என்றேன். அடக்கமாகப் பேசிவிட்டதாக அன்றைக்குப் பெருமை வேறு.

அவர் அதன் பிறகு கேட்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் சொல்லால்தான் நீ பின்னால் உட்கார்ந்தாயா, தெரியாது. டிரைவர் பேச்சைக் கேட்டா டீம் போடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வண்டிக் கண்ணாடியில் கடைசி சீட்டில் உன் தலை தெரிந்தபோதெல்லாம் அந்தச் சமாதானம் நின்றதில்லை.

திட்டி எழுது. எழுத்துப் பிழை இல்லாமல் திட்டு.

அப்பா

*

நவம்பர் 10

கண்ணு,

பதில் வரவில்லை. தபால்காரரைத் தினமும் மறிக்கிறேன். அவர் இப்போது தெரு மாறிப் போகிறார்.

வருகிற டீமுக்கும் நம் கிரிக்கெட் சங்கம்தான் வண்டி தர வேண்டும் இல்லையா? மேனேஜரிடம் போய், "சார், இருபத்தொன்னாம் தேதி நான் வெளியூர் டீமை ஓட்டறேன், நம்ம டீமுக்கு வேற வண்டி போடுங்க" என்று கேட்டேன். "இருபத்திரண்டு வருஷத்துல நீங்க கேட்ட முதல் விஷயம் இது" என்று ஒத்துக்கொண்டார்.

சீட்டைத் துடைத்து வைக்கிறேன். உட்கார்ந்தாலும் சரி, பின்னால் போனாலும் சரி. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அப்பா

*

நவம்பர் 23

என் தங்கத்துக்கு,

நேற்று உன்னை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததுமே எழுதத் தோன்றியது, உன் அம்மா விளக்கை அணைத்துவிட்டதால் இன்று எழுதுகிறேன்.

ஆட்டத்தன்று காலை ஓட்டல் வாசலில் நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஒவ்வொரு காலடியாக என்னைத் தாண்டிப் பின்னால் போனது. உங்கள் மேனேஜர் ஒற்றைச் சீட்டில் உட்காரப் போனார். "சார், இன்னைக்கு ஒரு நாள் நீங்க பின்னாடி உட்காருங்களேன். இது என் சீட்டு" என்றது உன் குரல். அதன் பிறகு நான் வண்டியை எப்படி எடுத்தேன், எந்தத் தெருவில் திரும்பினேன், எதுவும் ஞாபகமில்லை.

ஞாபகமில்லாததால்தானே அப்படி ஆனது! இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் நேராக நம் டீம் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, கம்பீரமாக இரண்டு ஹாரனும் அடித்துவிட்டேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே எதிரிகளைப் பார்த்து முழித்தார். உங்கள் டீம் மொத்தமும் கூச்சல். வெளியூர் டீமுக்குப் பின்பக்கக் கேட் என்பதே எனக்கு மறந்துபோனது.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய், வீதியைப் பார்த்தபடியே.

"இன்னும் கொஞ்சம் தேறணும்ப்பா நீங்க."

அடிப்பாவி. ஒரு மாதம் தபால்காரரைத் துரத்திய எனக்கு அதுதான் பதில் என்று புரிய, ரிவர்ஸ் கியர் விழும்வரை ஆயிற்று. பின்பக்கக் கேட்டில் மறுபடி இரண்டு ஹாரன் அடித்தேன். அறுபத்து மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு. உனக்கு மட்டும் நாலு.

ஆட்டத்தைப் பற்றி நான் என்ன எழுத? நாலு விக்கெட் எடுத்துவிட்டாய். நம் டீம் பதினான்கு ரன்னில் தோற்றது. கீப்பர் அவுட்டாகி வந்து, "உங்க வீட்டு வாளிக்குப் போட்ட பந்து டிரைவரண்ணா, அப்படியே திரும்பிச்சு" என்று மட்டையைத் தரையில் தட்டினாள். என் முகம் எப்படி இருந்தது என்று உன் அம்மாவைக் கேட்டேன். "பல்லு முழுக்கத் தெரிஞ்சுது, மூடுங்கன்னு ரெண்டு தடவை இடிச்சேன்" என்கிறாள்.

சாயங்காலம் கோச்சம்மாவிடம் நானே போனேன். "மேடம், மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு கேட்டீங்களே, என் பொண்ணு எப்படின்னு?"

"கேட்டேனா? ஞாபகம் இல்லையேண்ணா."

"பரவாயில்ல மேடம். பதில் மட்டும் கேட்டுக்குங்க. அவ தேறிட்டா."

தனியாகப் பதில் எழுத வேண்டாம். அடுத்த வருஷமும் உங்கள் டீம் இங்கே வரும், சீட்டு துடைத்தே இருக்கும். அதற்குள் பின்பக்கக் கேட்டுக்குப் போய்ப் பழகிவைக்கிறேன்.

இன்னும் தேறாத
உன் அப்பா