வெட்டாமல் விட்ட துணி

மாசி, வெள்ளி இரவு, 1981

மறுபடியும் தூரமாகிவிட்டேன். இந்தத் தடவை நாள் தள்ளிப் போனதை நம்பியிருந்தேன்.

உடம்பைக் குறைத்தால்தான் குழந்தை தங்கும் என்று சேலத்து டாக்டரம்மா சொன்னதிலிருந்து விடியற்காலையில் ஏரிக்கரையில் வேகமாக நடக்கிறேன். நடை மட்டும் போதாது, கைகாலுக்கு வலுவும் வேண்டும் என்றார். அதனால் மோட்டாரைப் போடாமல் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். மெலிந்தேன். கையில் தெம்பும் ஏறியது.

காலையில் விஷயம் தெரிந்ததும் அத்தை கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்.

"தண்ணி சேந்திச் சேந்தித்தான் வயித்துல தங்க மாட்டீங்குது சாமி. இனி நடக்கவும் வேண்டாம். உக்காந்து நல்லாத் தின்னு."

தின்று வந்த உடம்புதானே இது என்று வாய்வரை வந்தது. வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா சொல்றதக் கேளு" என்றார். டாக்டரம்மா சொன்னபோதும் இவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

மெலிந்ததில் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போக, போன மாதமே பிடித்துத் தைத்திருந்தேன். மாசமானால் பிரித்துவிடலாமென்று மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டிருந்தேன்.

இப்போது உட்கார்ந்து அந்த மிச்சத் துணியையெல்லாம் வெட்டிவிட்டேன்.