பட்டறை வாசலில் நின்ற மிதவை

மார்ச் 4

அண்ணா,

இல்லை, அது வெடிக்காது. அண்ணியிடம் சொல், தைரியமாக வாசலுக்கு வரலாம்.

கரை ஒதுங்கிய அந்த மஞ்சள் உருளை எங்கள் நிறுவனத்து மிதவை. தானாகவே இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை முங்கும். ஏறி வரும் வழியெல்லாம் தண்ணீரின் சூட்டை அளக்கும். மேலே வந்ததும் அந்தச் சூட்டையும் தான் இருக்கிற இடத்தையும் உச்சியில் இருக்கிற ஏரியல் வழியாக எங்களுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை.

"கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலையா?" என்று கேட்டிருந்தாய். கிட்டத்தட்ட. காற்றின் சூடு இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். பூமியில் கூடுதலாகச் சேர்கிற சூட்டில் பெரும்பகுதியைக் கடல்தான் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆழத்துக்குப் போக வேண்டும்.

அதன்மேல் ஒரு லேபிள் இருக்கும். அதில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடு, வந்து எடுத்துக்கொள்வார்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


மார்ச் 15

என் கொக்குக்கு,

போன்ல பேசினா "அப்புறம் கூப்பிடறேன்"னு வச்சுடற. அதான் கடுதாசி. கையெழுத்தைப் பாத்து சிரிக்காத. எஞ்சின் பிரிச்சுப் பிரிச்சு விரல் எல்லாம் ஸ்பேனர் மாதிரி ஆயிடுச்சு.

நம்பருக்கெல்லாம் கூப்பிட மாட்டேன் போடி. என் தங்கச்சி சாமானை எவனோ வந்து தூக்கிட்டுப் போறதா? நீ வா. உன் கையில தர்றேன். நீ இந்தப் பக்கம் வந்துதான் எத்தனை நாளாச்சு!

பட்டறை வாசல்லயே நிக்க வச்சிருக்கேன். பாறையில உரசி பெயின்ட் போயிருந்துச்சு. அதே மஞ்சள் வாங்கி ரெண்டு கோட் அடிச்சுட்டேன், இப்ப புதுப்பொண்ணு மாதிரி நிக்குது. எஞ்சின் ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொருத்தனும் கேக்கறான். "என் தங்கச்சி இதை வச்சுத்தான் கடலுக்குக் காய்ச்சல் பாக்கறா"ன்னு சொல்றேன். ஒருத்தன், "அப்போ ஊசி எங்க போடுவாங்க?"ன்னான். இந்த மாதிரி ஆளுங்களோடதான் என் பொழப்பு.

திடீர் திடீர்னு உள்ளுக்குள்ள உறுமுது. உங்க அண்ணி சொல்றா, "அப்படியே உங்க தங்கச்சிதான். சம்பந்தமில்லாம ஒரு முனகல், அப்புறம் கப்சிப்."

எப்ப வர்றேன்னு எழுது.

அண்ணன்


ஏப்ரல் 11

கொக்கு,

நீ பதில் போடலை. வேலையா இருக்கும்.

செவ்வாய்க்கிழமை உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. கூட ஒரு போலீஸ்காரர். வேன்லேருந்து இறங்கும்போதே நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். "தங்கச்சி அனுப்பிச்சாளா?"ன்னு கேட்டேன். "எந்தத் தங்கச்சி?"ன்னாங்க. போலீஸ்காரர், "இதை எங்கய்யா திருடின?"ன்னார்.

கடையில ஆளுங்க இருந்தாங்க. அத்தனை நாளா நான் தங்கச்சி, தங்கச்சின்னு பீத்திக்கிட்ட அதே ஆளுங்கதான். எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஊசி கேட்டவன் மட்டும், "அவர் திருடலைங்க, பெயின்ட்தான் அடிச்சாரு"ன்னான். அவனையும் அதட்டிட்டாங்க. மதியம் வரைக்கும் என்னை ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சு, எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க. அடி கிடி ஒண்ணும் இல்லை. பயப்படாத.

வந்தவங்கள்ல கண்ணாடி போட்டவர் தன்மையான ஆளு. "உங்க கூரையைத் திரையில பாத்து ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம்"னார். "எல்லாருமா?"ன்னு கேட்டேன். "எல்லாரும்தான்"னார். அப்புறம், "யாரையோ தங்கச்சின்னீங்களே, எங்க ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"ன்னார்.

யாரும் இல்லைன்னுட்டேன்.

நீ சொல்லாம இருந்தா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும். தப்பா சொல்லிட்டேனா? எழுது.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

நீ தப்பாகச் சொல்லவில்லை. அந்த அறையில் உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டம். திரையில் கடல், கடல் முழுக்கப் புள்ளிகள். ஒரு புள்ளி மட்டும் தரையில். ஆழம் பூஜ்யம். சூடு மட்டும் எந்தக் கடலிலும் இல்லாத சூடு. "நம்ம கடல் யாரோ ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்து படுத்திருக்கு" என்றார் துறைத்தலைவர். அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினார்கள். பட்டறைக் கூரையில் நீலத் தார்ப்பாய், அதன்மேல் பழைய டயர்கள். அந்த டயர்களை நீ ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சமும் தயங்கவில்லை. அவர்களோடு, ஒரே நேரத்தில் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் படகுத் தொழில் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் எந்த மாதிரிப் படகை நினைத்துக்கொண்டார்களோ, நான் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது சுலபமாக இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

ஆள் அனுப்ப முடிவு செய்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஒரு போன் போதும். வராந்தாவுக்கு வந்தேன், போனைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் யாரோ காபி குடித்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன். என்னைத் தடுத்தது அவ்வளவுதான். ஒரு ஆள், ஒரு காபி.

உன் வாசலில் இருந்தபோது மிதவை அனுப்பிய அளவுகளைத் தவறு என்று குறித்து ஒதுக்க வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் குறித்தேன். நீ நாற்காலி எடுத்துப் போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமையையும்.

மிதவையை மறுபடி கடலில் விடப்போகிறார்கள். உன் பெயின்டைச் சுரண்டச் சொல்லியிருக்கிறார்கள். கோபப்படாதே. அதன் எடையைக் கிராம் கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். உன் ரெண்டு கோட்டோடு விட்டால் முங்கும், மேலே வராது.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த ஆளுங்களிடம், கடை வாசலில் நின்று, நான் யார் என்று சொல்ல வேண்டும். எப்போது வரலாம் என்று நீ எழுது. எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கொக்கு

(உறையின் பின்புறம்) ஒட்டிய பிறகு எழுதுகிறேன். துறைத்தலைவர் அறைக்குப் போய், அது என் அண்ணன் பட்டறை என்று சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு கீழே போய், நீ அடித்த மஞ்சளை நானே சுரண்டி எடுத்தேன்.