கம்பியைத் தாழ்த்திவிட்டேன், அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கிடாரின் கம்பிகளைத் தாழ்த்திவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்க வழியில்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

காய்ச்சலில் நீ போன பிறகு அது சுவரிலேயே தொங்கியது. உங்கள் கச்சேரிக் குழுவை நடத்தும் தாஸ் அண்ணன், உன் இடத்தில் வாசிக்க வருகிறவருக்காக அதைக் கேட்டு மலையேறி வந்தார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். நான்தான் குறுக்கே போய், "நான் வாசிக்கிறேன்ப்பா" என்றேன்.

"நீயா? எந்நேரமும் புக்கு படிச்சிக்கினு இருக்கறவ நீ." அப்பா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சரி. சித்திரைல வடக்கனந்தல்ல கச்சேரி இருக்குது. ஒரே பாட்டு, முழுசா வாசி. வாசிச்சிட்டா கித்தாரு வூட்ல இருக்கட்டும். இல்லாட்டி அங்கியே தாஸ் கையில குடுத்துடுவேன்."

நீ வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பிடிகள் எல்லாம் தெரியும். ஆனால் கம்பிகள் பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றன! அழுத்தினால் விரல் நுனி வலித்தது, சுருதியும் விலகியது. நீ ஓங்கி அடிப்பாய். ஓங்கி அடித்தால் தாழ்ந்த கம்பி, பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் மோதி உரசும். அதற்காகத்தான் அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தாயா? இல்லை, வாங்கும்போது இருந்தபடியே விட்டுவிட்டாயா?

கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் கை வைத்தேன். சுருதி சேர்த்தபின் ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அதுதான் கழுத்தின் வளைவு. என் பஸ் பாஸ் அட்டை அதில் தாராளமாக நுழைந்தது. அவ்வளவு வளைவு கூடாது; கழுத்து நிமிர, அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியை அலன் கீ என்ற அறுகோணச் சாவியால் கால் திருகு இறுக்கினேன். பிறகு கம்பிகள் உடம்பில் முடியும் இடத்திலுள்ள சின்னத் திருகாணிகளைத் திருகி ஒவ்வொரு கம்பியையும் உரசும்வரை இறக்கி, உரசல் நிற்கும்வரை துளி ஏற்றினேன்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டே பார்த்தாள். "ஏண்டி, அவளோடதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதயும் பிரிச்சிப் போடறியா?" என்றாள். வெளியே கோடை மழை, வீட்டுக்குள்ளெல்லாம் மேகம். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக விரல் நோகாமல் ஒரு பாட்டை முழுவதும் வாசித்தேன், அக்கா.

கச்சேரியன்று வெள்ளிமலை பஸ்ஸில் ஒரே கூட்டம். "பானட்டு மேல வைமா, பத்திரமா இருக்கும்" என்றார் டிரைவர். முட்டைத் தட்டு, கோழிக்குஞ்சுக் கூடை, கைக்குழந்தை என்று நம் ஊரில் பத்திரமாகப் போக வேண்டிய எல்லாமே அங்கேதானே போகும்? நானும் வைத்தேன். அடியில் இன்ஜின் கொதித்துக்கொண்டிருப்பது என் மண்டையில் ஏறவில்லை. மலை இறங்கியதும் அனல் வேறு.

வடக்கனந்தல் மேடையில் மைக் சரிபார்க்கும்போது வாசித்தேன். எந்தப் பிடி பிடித்தாலும் ர்ர்ர் என்றது.

"இன்னா பாப்பா, உள்ள வண்டு பூந்துகிச்சா?" என்றார் தாஸ் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். "கம்பிய ஏத்திடு. உங்க அக்கா வெச்சிக்கினு இருந்த ஒசரத்துக்கு. அவ்ளோதான்."

அவர் சொன்னது தப்பில்லை. ஏற்றினால் உரசல் போகும். ஆனால் என்னால் அழுத்த முடியாது, பாட்டு பாதியில் நிற்கும், கிடாரும் போய்விடும். அப்பா மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்தேன். தலைப்பக்கத்தில் மட்டும்தான் உரசியது. உடம்புப் பக்கம் சுத்தமாகக் கேட்டது. அப்படியென்றால் கம்பியின் உயரத்தில் குற்றமில்லை. மழை ஈரத்தில் வளைந்திருந்தபோது நான் சரிசெய்த கழுத்து, பானட்டுச் சூட்டில் காய்ந்து நிமிர்ந்துவிட்டது. அழுத்திப் பார்த்தேன், நடுவில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. அலன் கீயை எடுத்தேன்.

"தெரியாம திருகாத மலரு. ஒடைஞ்சிடப் போவுது."

"தெரியும்ப்பா."

கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துளித்துளியாகத் தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்தேன். உரசல் அடங்கியது. தடித்த கம்பியில் மட்டும் காதை ஒட்டி வைத்தால் லேசாகக் கேட்டது. ஸ்பீக்கரில் அது வராது என்று எனக்குத் தெரியும். கம்பிகளை ஏற்றாமலே மேடையேறினேன். மெதுவாகத்தான் மீட்டினேன், ஆனால் எங்கேயும் நிற்கவில்லை.

இறங்கியதும் தாஸ் அண்ணன் சொன்னார்: "அவ அடி இல்ல இது. ஆனா சுத்தமா இருக்குது."

அப்பா கிடாரை வாங்கி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "தாஸு தம்பி, நீ வேற கித்தாரு பாத்துக்கோ" என்றார்.

அக்கா, நேற்று வெளிச்சத்தில் வைத்துத் துடைத்தபோது ஒன்று பார்த்தேன். முதல் சில ஃப்ரெட்டுகளில், கம்பிக்கு நேர் கீழே, சின்னச் சின்னப் பள்ளங்கள். அத்தனையும் நீ அழுத்தி அழுத்தித் தேய்ந்தவை. அரம் போட்டு அவற்றைச் சமமாக்கினால் கம்பியை இன்னும் இறக்கலாம், விரலுக்கு இன்னும் சுகம் என்று படித்திருக்கிறேன். கடையில் கொடுத்தால் ஒரே நாளில் செய்துவிடுவார்கள்.

கொடுக்க மாட்டேன். தினமும் வாசிப்பேன், நன்றாக வாசிப்பேன். ஆனால் இதற்கு மேல் ஒரு இழைகூடத் தாழ்த்த மாட்டேன்.

உன் தங்கச்சி,
மலர்