ஏழு டம்ளர் சர்க்கரை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அமுதவல்லி ஃபோன் செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. திருப்பத்தூரில் புது வீடு கட்டியிருக்கிறாள், செப்டம்பர் நாலாம் தேதி கிரகப்பிரவேசம். "எல்லாத்துக்கும் ஆள் வச்சிட்டேன் அண்ணி. மைசூர்பாக்கு மட்டும் ஒங்க கையாலதான். பத்து கிலோ போதும்" என்றாள். பத்து கிலோ போதுமாம்!

நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அது இன்னா பெரிய விஷயம்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுக்கவும் முடியாது. என் மகள் தேவி ஓடிப்போனபோது "வளர்த்த லட்சணம் அப்பிடி" என்று சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் இவள்தான். இப்போது முடியாது என்றால், மகள் போன சோகத்தில் அண்ணிக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று அதையும் சொல்வாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வாக்குக் கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. மைசூர்பாக்கு கிளறி எட்டு மாதம் ஆகிறது. அளவு மறக்கவில்லை. அரைக் கிலோ கடலை மாவு பாக்கெட் ஒன்று, சர்க்கரை ஏழு டம்ளர், நெய் கண்ணளவு. நாலு ஈடு போட்டால் பத்து கிலோ வந்துவிடும். மாவு பாக்கெட்டில் இருப்பதால் அதில் தகராறு இல்லை. சர்க்கரைக்குத்தான் டம்ளர் வேண்டும். டம்ளர் எங்கே?

அந்தக் கழுதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டை விட்டு ஓடுகிறவள் நகையை எடுப்பாள். இவள் கம்மலைக்கூடக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு சுடிதார், காலேஜ் சர்டிபிகேட், என்னுடைய நசுங்கின பித்தளை டம்ளர் — இதைத்தான் எடுத்துக்கொண்டு அந்த நவீன்குமார் பயலோடு ஜீப் ஏறினாள். அதில் எத்தனை கிராம் சர்க்கரை பிடிக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. அதுதான் அளவு, அளவுக்கு ஒரு அளவா?

பயலுக்கு அமிர்தியில் காய்கறிக் கடை. இந்த மலையை விட்டு இறங்கினால் அமிர்தி. ஓடினதுதான் ஓடினாள், கொஞ்சம் தூரமாவது ஓடியிருக்கக் கூடாதா? அவளோடு இனி பேச்சே கிடையாது என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே கேட்க முடியாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இவர் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை டம்ளரால் ஏழு போட்டுக் கிளறினேன். டீக்கடை டம்ளர் எப்படி இருக்கும்? வாயைப் பெரிதாகத் திறந்து வைத்திருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. மைசூர்பாக்கு இறுகவே இல்லை, தட்டைச் சாய்த்தால் கூடவே சாய்கிறது. இவர் அதில் ஸ்பூனைப் போட்டு "மலை அல்வா" என்று கடையில் விற்றுவிட்டார். டூரிஸ்ட்காரர்கள் இன்னொரு தட்டு கேட்டார்களாம். அதெல்லாம் ஒரு நாக்கா!

ஆகஸ்ட் 23, சனி

"பேசாம செவன் கப் ஸ்வீட்டு செஞ்சிடேன் சுதா, அதுல எல்லாமே ஒரே கப்பு, எந்த டம்ளரா இருந்தா இன்னா" என்கிறார். புத்திசாலிதான், ஆனால் உங்கள் தங்கை கேட்டது மைசூர்பாக்கு.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆலங்காயத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கப் வாங்கி வந்தார். அதன் மேல் 250 என்று போட்டிருக்கிறது. "அப்போ ஒரு கப்பு கால் கிலோ. ஏழு கப்புக்கு ஒன்னே முக்கால் கிலோ. முடிஞ்சிது கணக்கு" என்றார். நானும் மளிகைக் கடையில் ஒன்றே முக்கால் கிலோவை எடை போட்டு வாங்கி வந்து கொட்டினேன்.

கத்தி வளைந்தது. அப்புறம் அரிவாள்மனை. அப்புறம் அம்மிக் குழவி. மைசூர்பாக்கு அப்படியே இருக்கிறது, அம்மியில்தான் ஒரு கீறல்.

எரிச்சலில் அந்தக் கப்பில் சர்க்கரையைத் தலைதட்டி அளந்து மளிகைக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். இருநூற்றைம்பது என்பது மில்லியாம். தண்ணீருக்கு அது சரி, சர்க்கரைக்கு நடுவில் காற்றல்லவா உட்கார்ந்திருக்கிறது! இதை இவரிடம் சொன்னால் "தண்ணி கணக்குதான் எனக்குத் தெரியும்" என்கிறார். அது டீ குடிக்கிறவர்களுக்கே தெரியும்.

சரி, கப் கணக்கு புரிந்தது. என் டம்ளர் இந்தக் கப்பைவிடப் பெரிதா, சிறிதா? அது புரிந்தால்தானே.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடுவில் ஒரு அளவு போட்டுப் பார்த்தேன், உதிர்ந்துவிட்டது. இன்னொன்று போட்டேன், பல்லில் ஒட்டுகிறது. இப்படியே எத்தனை பாக்கெட்டைப் பாழாக்குவது?

"தேவியக் கேளேன்" என்றார் இவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. கையிலிருந்த கரண்டியை வீசினேன். மேலே படவில்லை, படக்கூடாது என்றுதான் வீசினேன்.

ஏன் எழுதாமல் இருக்க வேண்டும்? எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நான் நெய் காய்ச்ச, அவள் பக்கத்தில் நின்று சர்க்கரை அளப்பாள். இப்போது சர்க்கரை டப்பாவைத் திறந்தாலே அழுகை வருகிறது. கோபமும் போகவில்லை. சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன, நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? — தின்றிருப்பேன்தான்.

ஆகஸ்ட் 30, சனி

அமுதவல்லி மறுபடியும் ஃபோன். "முடியலேன்னா சொல்லிடுங்க அண்ணி, கடையில வாங்கிக்கிறேன். ஒங்களுக்கும் மனசு சரியில்ல, பாவம்."

பாவமா? நானா பாவம்?

"போடுங்க ஃபோன, ஒங்க பொண்ணுக்கு" என்றேன். இவர் பெயரைத் தேடாமல் கடகடவென்று நம்பரைத் தட்டினார். எனக்குத் தெரியாமல் எத்தனை தடவை பேசியிருந்தால் இப்படி விரலுக்குப் பழகும்? இதை அப்புறம் விசாரிக்க வேண்டும்.

"அம்மாவா?" என்றாள். குரல் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டாயா, நல்லாயிருக்கியா, எவ்வளவோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது, "அந்த டம்ளர்ல சக்கர தலைதட்டிப் போட்டா எத்தினி கிராம்டி?"

"லைன்லயே இரும்மா" என்றாள். டம்ளர் தராசில் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். "இருநூத்தி முப்பதுங்க அத்தை. டம்ளர் எடையக் கழிச்சிட்டேன்."

அத்தையாம்! ஆனால் கழிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்காது. பயல் கணக்கில் கெட்டி.

தேவி மறுபடி வாங்கினாள். "மைசூர்பாக்குக்காம்மா? ஏழு போடாத."

"இன்னாடி சொல்றே?"

"நான் என்னிக்கும் ஆறுதான் போட்டேன். ஏழு போட்டா கல்லாவுதும்மா. நீ அந்தாண்ட திரும்பி நெய் காய்ச்சிக்கினு இருப்பே, கேட்டா ஏழுன்னு சொல்லிடுவேன்."

"எப்பத்திலேர்ந்து?"

"பத்தாவது படிக்கிறப்பலேர்ந்து."

ஃபோனை வைத்துவிட்டேன். குலதெய்வத்துக்கு ஒரு விளக்கம்: கிராம் பற்றி மட்டும்தான் பேசினேன், இது பேச்சில் சேராது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இத்தனை வருஷமா ஊரு என்னப் பாத்து கைப்பக்குவம் கைப்பக்குவம்னு சொல்லிச்சே, யாரு கை அது? நானும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். ஓடிப்போனதையாவது மன்னிக்கலாம், இந்த ஆறு டம்ளரை எப்படி மன்னிப்பது!

இருநூற்று முப்பது ஆறு முறை — ஆயிரத்து முந்நூற்று எண்பது. இன்று ஒரு ஈடு போட்டேன். நெய் பிரிந்து, பொரிந்து, வில்லையாக விழுந்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அழுதேன். இவர் ஓடிவந்து "சுட்டுக்கினியா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கிரகப்பிரவேசம் முடிந்தது. பந்தியில் அமுதவல்லி தட்டை ஏந்திக்கொண்டு "எங்க அண்ணி கைப்பக்குவம், சாப்ட்டுப் பாருங்க" என்று எல்லோரிடமும் நீட்டினாள். தானும் ஒரு பெரிய வில்லையை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அளவு என்னோடது இல்ல. எம் பொண்ணு தேவியோடது. அமிர்தியில கீறா, நல்லா கீறா."

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. அமுதவல்லிக்குப் பதில் சொல்ல ஆசைதான், வாய் நிறைய மைசூர்பாக்கு. இவர் பக்கத்து இலையிலிருந்து எழுந்து கை கழுவப் போனார். சாப்பிட்டே முடிக்கவில்லை மனிதர், கண்ணைத் துடைக்கத்தான் போயிருப்பார்.

அக்டோபர் 17, வெள்ளி

தலை தீபாவளிக்குத் துணி எடுக்கத் திருப்பத்தூர் போகிறோம். மாப்பிள்ளைக்கு வேட்டி நாலு முழமா, எட்டு முழமா? தேவியிடம் கேட்கலாம் என்றால் தினமும் ஃபோனில் அவள் நிறுத்தாமல் பேசுகிறாள், நடுவில் கேட்க இடம் கொடுத்தால்தானே.