பைக்குள் ஒரு மந்திரவாதி

வெள்ளி. காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடை எடுக்கவில்லை. தோல் கம்பெனியில் எங்கள் தையல் லைனில் ஃபேன் இன்றும் ரிப்பேர்.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின் நஸ்ரீன் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை எங்க வூட்ல இன்னா படம்?" படம் சொல்லும் முறை எனக்கு. ஒரு மந்திரவாதி படத்தைச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்துக் கதை, மேடையில் வித்தை காட்டுகிறவன். வேலூரில் மூன்றே நாள் ஓடியது. நான் பார்த்தபோது தியேட்டரில் ஏழு பேர், அதில் ஒருவர் தூக்கம். இப்போது ஓடிடியில் கிடக்கிறது, சீண்டுவார் இல்லை.

சுமதி அக்கா டிபன் மூடியைப் படாரென்று மூடினார். "உன் படம்னா எனக்கு நல்லா தூக்கம் வரும் கிரேஸு." எல்லாரும் சிரிப்பு. போன இரண்டு முறை நான் சொன்னவை படுத்துவிட்டன, உண்மைதான். "இதுவும் மொக்கைன்னா இனிமே நீ படமே சொல்லக்கூடாது." சரி என்றுவிட்டேன். வாய்க்கொழுப்பு!

சனி. புழுக்கம். வாங்க வேண்டியது: முறுக்கு, எலுமிச்சை, அம்மாவுக்குத் தைலம்.

ஒரே பயம். முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அழுதுவிடுவேன். ஒரு படத்துக்கா இவ்வளவு? ஆமாம். அது என் படம்.

ஞாயிறு. சர்ச் முடிந்து நேரே நஸ்ரீன் வீடு. பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு. ஆறு பேர். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படம், என் கெட்ட நேரம். அக்கா அப்போதே தலையணையோடு சாய்ந்துவிட்டார்.

படத்தில் மந்திரவாதியைத் தோல் பைக்குள் இறக்கி, பையின் வாயைக் கட்டுகிறார்கள். அக்கா துள்ளி எழுந்தார். "நிறுத்துடி! பை வழவழன்னு இருக்கு, கட்டுன வாய் மட்டும் சொரசொரன்னு இருக்கே? தோலு திரும்பிப்போச்சு, உள்பக்கம் வெளிய தெரியுது! படம் எடுத்தவனுக்கு ஒண்ணும் தெரியல." இருபது வருடமாகத் தோல் தரம் பிரிக்கிற கண். நஸ்ரீன் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். நிஜம்தான். "தப்பு படம்!" என்று ஒரே கூச்சல். முடிவு எனக்குத் தெரியும், ஆனால் இந்தச் சொரசொரப்பைத் தியேட்டரில் நான் கவனிக்கவே இல்லை.

"பேஜார் பண்ணாதீங்க அக்கா, பாப்போம்," என்றாள் நஸ்ரீன்.

கடைசியில் மந்திரவாதியே ரகசியத்தை உடைக்கிறான். பைக்குள் இன்னொரு பை, தோலைத் திருப்பித் தைத்தது. கட்டியது உள்பையின் வாயை, அவன் இருக்கும் வெளிப்பை திறந்தேதான் இருக்கிறது! அந்தச் சொரசொரப்பு தப்பே இல்லை, அதுதான் வித்தை.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அடிப்பாவி! நான் அப்பவே புடிச்சேன்டி!" என் முதுகில் ஓங்கி ஒரு அறை. வலி. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. ஜெயித்தேன். ஜெயித்தேன்!

திங்கள். லேசான தூறல். ஃபேன் ஓடுகிறது. முதுகு இன்னும் வலி.

சாப்பாட்டு நேரம். பேக்கிங் பெண்கள் நாலு பேரை வளைத்துப் பிடித்து அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "கிரேஸ் சொன்ன படம், கண்டிப்பா பாருங்க. மொதல்ல மெதுவாத்தான் போவும். எவளாவது தூங்குனீங்க, அவ்ளோதான்!"