பிஸ்கட் டின் கணிப்பொறி இயங்குகிறது: அறிவிப்புப் பலகையைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
உர்சுலா லாசரஸ்,
உயர்நிலை இரண்டு (பிற்பகல் பள்ளி),
பிளாக் 9, ஐந்தாம் மாடி,
ஜாம்பு கோர்ட்,
சிங்கப்பூர் 0820.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேலாண்மைக் குழு,
கம்போங் ஜாம்பு சமூக மன்றம்.

பொருள்: 10.8.1985 அன்று நடந்த மாணவர் மின்னணுப் போட்டியில் 17ஆம் எண் காட்சிப்பொருளைப் பற்றி எழுதப்பட்ட தவறான முடிவைத் திருத்தவும், அதை மறுபடி சோதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் சென்ற புதன்கிழமை முதல் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பதினேழாம் எண்ணுக்கு நேரே என் பெயரும், அதன் பக்கத்தில் "இயங்கவில்லை, ஒளிநாடா வைத்துக் காட்டப்பட்டது" என்ற சொற்களும் உள்ளன. என் கணிப்பொறி இயங்குகிறது. நான் ஒளிநாடா, அதாவது வீடியோ டேப், எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை. இவ்விரண்டையும் நிரூபிக்கவே இந்த மனு.

1. முதலில் அந்தக் கணிப்பொறி எப்படி உருவானது என்பதைச் சொல்ல அனுமதி கோருகிறேன். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்டது. என் தந்தை திரு. லாசரஸ் செம்பவாங் கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்க்கும் வெல்டர். காலை எட்டு மணிக்கு வந்து, கூடத்தில் திரைக்குப் பின்னால் படுத்துப் பிற்பகல் வரை உறங்குவார். எனக்குப் பள்ளி பிற்பகலில். ஆகவே எனக்கு ஓய்வு இருக்கும் நேரமெல்லாம் அவருக்கு உறக்கமாக இருக்கும் நேரம். கணிப்பொறியில் விளையாட வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: "என் காதுல விழக்கூடாது. விழுந்துச்சுன்னா சன்னல் வழியாப் போயிடும்." நாங்கள் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

2. கடைகளில் புதிய கணிப்பொறியின் விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். என்னிடம் இருந்தது கட்டுரைப் போட்டியில் கிடைத்த அறுபது வெள்ளி. சுங்கை சாலைப் பழைய பொருள் சந்தையில், மேலுறை உடைந்துபோன ஒரு கணிப்பொறியின் மின்சுற்றுப் பலகையும் விசைப்பலகையும் கிடைத்தன. விற்றவர் அதைப் பழைய சைக்கிள் மணிகளோடு ஒரே கூடையில் வைத்திருந்தார். அதனுடன் வந்த மின்சாரப் பெட்டியில் ஒரு சிறு மின்விசிறி இருந்தது. அதை வீட்டில் முதன்முறை போட்டபோது என் தாயார் திருமதி பிரிஜட் சமையலறையிலிருந்து ஓடிவந்து, குக்கர் வெடிக்கப் போகிறது என்று நினைத்து அடுப்பை அணைத்தார். தந்தையார் திரைக்குப் பின்னாலிருந்து சன்னலைத் திறக்கச் சொன்னார்.

3. அன்றே அந்த மின்விசிறியைக் கழற்றினேன். தேசிய நூலகத்தில் மின்னணுவியல் அலமாரியில் உள்ள புத்தகங்களை இரண்டு மாதம் படித்தேன். இரவல் அட்டையில் இனி முத்திரை குத்த இடமில்லை என்று சொல்லி நூலகர் எனக்கு வேறு அட்டை கொடுத்தார். அப்புத்தகங்களிலிருந்து நான் தெரிந்துகொண்டது, சூடான காற்று தானாகவே மேலே போகும் என்பதுதான். அதற்கு வழி விட்டால் விசிறி தேவையில்லை. மளிகைக் கடையில் பிஸ்கட் வைக்கும் சதுரமான தகர டின் ஒன்றை வாங்கிக் கழுவிக் காய வைத்தேன். பலகை அதற்குள் ரப்பர் வளையங்களின் மேல் தகரத்தைத் தொடாமல் நிற்கிறது. அதிகம் சூடாகும் பாகத்தை டின்னின் சுவரோடு திருகிவிட்டேன். முழு டின்னும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டு டிவியின் தலைமேல், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், அது சரியாக உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு மேசையில் ஓர் அங்குலம்கூட எடுக்காது.

4. முதல் முயற்சி தோற்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினோரு நிமிடத்தில் படம் கலங்கிப்போயிற்று. மூடியில் மட்டும் துளை இருந்ததும் அடியில் துளை இல்லாததும்தான் காரணம். புதுக் காற்று நுழைய வழியில்லாமல் பழைய காற்று எப்படி வெளியேறும்? அடியிலும் துளையிட, தாயாரின் இடியாப்ப அச்சின் வில்லையைத் தகரத்தின் மேல் வைத்து, அதன் ஒவ்வொரு துளை வழியாகவும் ஆணி அடித்தேன். துளைகள் ஒரே சீராக வந்தன. வில்லையில் ஒரு துளை மட்டும் பெரிதாகிவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டு இடியாப்பத்தில் ஓர் இழை தடித்து வருகிறது. அதைத் தாயார் இன்னும் மன்னிக்கவில்லை.

5. கடைசியாக, அந்த மின்சாரப் பெட்டிக்குள் இருந்த மின்மாற்றி. அது லேசாக முனகும். அதை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, அறுந்துபோன ரப்பர் செருப்பை வெட்டி அதன் மேல் வைத்து, டின்னிலிருந்து தள்ளித் தரையில் வைத்தேன். முனகல் நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் டின்னுக்கு வருகிறது. (இந்த ஒயரைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.) எங்கள் பள்ளி வானொலிச் சங்க ஆசிரியர் எல்லாவற்றையும் சோதித்து, பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டிருக்கிறார். மொத்தச் செலவு ஐம்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.

ஜூன் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை அது முழுமையாக ஓடியது. நானே எழுதிய ஆட்டம் அது. செராங்கூன் சாலையில் பேருந்து ஓட்ட வேண்டும். தள்ளுவண்டிகளிலும் பூக்கடைகளிலும் மோதாமல் பயணிகளை ஏற்ற வேண்டும். அன்று காலை நாற்பது முறை ஓட்டினேன். தந்தையார் பிற்பகலில் எழுந்து வந்து, முகம் கழுவிக்கொண்டே, "ஏம்மா, இன்னைக்கு விளையாடலையா? கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். ஐயா, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அந்தக் கேள்விதான் பெரியது.

6. இனிப் போட்டி நாள். எனக்குத் தரப்பட்டது மண்டபத்தின் கடைசி மேசை. மேசைக்குத் தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மின்மாற்றியை மேசைக்கு அடியில் வைத்தேன். ஆட்டத்தை ஒலிநாடாவிலிருந்து (பாட்டுக் கேட்கும் கேசட்தான்) டின்னுக்குள் ஏற்ற ஏழு நிமிடம் ஆகும். ஏற்றி முடித்துக் காத்திருந்தேன். நடுவர் திரு. அழகப்பன் வந்தார். அவர் பெரிய நிறுவனத்தில் குளிர்சாதன அறையில் வைத்த கணிப்பொறிகளோடு வேலை செய்பவர் என்று சொன்னார்கள். அவர் சொன்னவற்றை அன்று மாலையே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அப்படியே தருகிறேன்.

"என்ன பாப்பா, சத்தமே காணோம்? ஆன் பண்ணியிருக்கா இல்லையா?" என்றார். ஆன் செய்திருப்பதாகச் சொன்னேன். டின்மேல் காதை வைத்துக் கேட்டார். "கம்ப்யூட்டர்னா விசிறி இரையணும். இது பிஸ்கட் டின் லா" என்றார். ஜாய்ஸ்டிக்கை நீட்டினேன். வாங்கவில்லை. அப்போதுதான் துணிக்கு அடியில் போகும் ஒயர் அவர் கண்ணில் பட்டது. "ஓ, வீடியோ கீழ இருக்கா" என்று சொல்லி அந்த ஒயரைப் பிடுங்கினார். திரை அணைந்தது. "பாத்தியா!" என்றார், தம் உதவியாளரிடம். மறுபடி ஏற்ற ஏழு நிமிடம் வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பதினாறாம் எண்ணுக்குத் திரும்பிப் போய்விட்டார். துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு மரப்பெட்டியும் பாதிச் செருப்பும் மட்டுமே இருந்திருக்கும்.

7. சத்தம் வரக் கூடாது என்பதற்காக நான் மூன்று மாதம் உழைத்தேன். சத்தம் வரவில்லை என்பதற்காகவே நான் பொய் சொன்னதாக எழுதப்பட்டது. போட்டி நடந்த சனிக்கிழமை இரவு முழுவதும் அழுதேன் என்பது உண்மை. ஆனால் புதன்கிழமை பட்டியலைப் பார்த்தபோது அழவில்லை. ஞாயிறு மாலைப் பூசையில் ஒவ்வொருவராக வந்து என் தாயாரிடம் விசாரிப்பார்கள், அவர் தலைகுனிய நேரிடும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

8. ஆகவே நேற்று, 18.8.1985 ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில், பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை, கணிப்பொறியைப் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கினேன். பக்கத்து வீட்டுத் திருமதி சம்சுன்னிசா தம் டிவியைக் கீழே கொண்டுவர உதவி, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். மேசைக்குத் துணி விரிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை ஓட்டி, எடுத்த மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான்கு மணி நேரத்தில் டின் தானாக ஒருமுறைகூட நிற்கவில்லை. அதன் மூடி தேநீர்க் குவளை அளவுக்குத்தான் சுட்டது.

தங்கள் மன்றத்தின் காவலாளர் திரு. வேலாயுதம் பதினொன்றாவதாக வந்தார். மூன்று முறை கேட்டுக் கேட்டு ஓட்டி, மூன்று முறையும் அதே பூக்கடையில் மோதினார். "டேப்பா இருந்தா நான் ஏன் லா தோக்குறேன்? டேப்புக்கு என்மேல என்ன கோபம்?" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். இதைவிடத் தெளிவாக என்னால் வாதிட முடியாது. திருமதி சம்சுன்னிசா இருநூற்றுப் பத்துப் பயணிகளை ஏற்றி முதலிடம் பெற்றார். அவர் இதற்கு முன் எந்த வண்டியும் ஓட்டியதில்லை.

என் தந்தையார் வேலைக்குக் கிளம்பும் உடையோடு நாற்பதாவதாக வந்து நின்றார். தாம் தூங்கும்போது இத்தனை மாதம் என்ன நடந்தது என்று அன்றுதான் பார்த்தார். ஓட்டி முடித்ததும் டின்னின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு பட்டறையின் வருகைப் பதிவேட்டில் போடுவதுபோல் பெரிய எழுத்துகளில் தம் பெயரை எழுதிவிட்டுச் செம்பவாங் பேருந்துக்கு ஓடினார்.

9. நாற்பத்தொன்றாவதாக வந்தவர் திரு. அழகப்பன். திரு. வேலாயுதம் தொலைபேசியில் அழைத்ததாகப் பின்னர் அறிந்தேன். அவர் முதலில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். மரப்பெட்டியைத் தூக்கினார். செருப்பைத் தூக்கினார். பிறகு டின்னைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூடியின் துளைகளையும் அடியின் துளைகளையும் எண்ணினார். "விசிறி எங்கம்மா?" என்றார். காற்றுதான் விசிறி என்றேன். அதன் பின் தாமே அதே ஒயரைப் பிடுங்கி, தாமே மாட்டி, ஏழு நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, ஆட்டம் வந்ததும் ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். எழுபத்திரண்டு பயணிகள்.

"நான் தப்பா எழுதிட்டேன்மா" என்றார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பலகையில் ஒட்டியதை அவர் எடுக்க முடியாதாம், தலைவரின் உத்தரவு வேண்டுமாம். "மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

ஆகவே, ஐயா, தங்களிடம் நான் கேட்பவை:

(அ) அறிவிப்புப் பலகையில் பதினேழாம் எண்ணுக்கு நேரே உள்ள சொற்களை அடித்துவிட்டு, "இயங்குகிறது" என்ற ஒரே சொல்லை எழுத வேண்டும். பட்டியலை முழுவதும் எடுத்துவிட வேண்டாம். திருத்தியதை எல்லோரும் பார்க்க வேண்டும்.

(ஆ) இம்மாதம் 31ஆம் தேதி மன்றத்தின் சார்பில் நகரக் கண்காட்சிக்கு ஒரே ஒரு காட்சிப்பொருள் அனுப்பப்படும் என்று அறிகிறேன். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், என் கணிப்பொறியையும் மற்றவற்றோடு சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். எனக்கென்று சலுகை எதுவும் வேண்டாம். ஏழு நிமிடம் மட்டும் வேண்டும்.

(இ) சோதனைக்குத் தாங்களே வர வேண்டும்.

இத்துடன் கையெழுத்துப் பட்டியலின் அசல் பிரதியை இணைத்துள்ளேன். நாற்பத்தொரு பெயர்களும் நாற்பத்தொரு மதிப்பெண்களும் அதில் இருக்கின்றன. நாற்பத்திரண்டாம் வரியில் எண்ணை மட்டும் எழுதி, பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் இடம் விட்டிருக்கிறேன். அந்த வரி தங்களுக்குரியது. அறைக்குள் வரும்போது ஒரு சத்தமும் கேட்காவிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறியவும். வளைவில் உள்ள பூக்கடையில் கவனமாக இருக்கவும்.

நாள்: 19.8.1985
இடம்: ஜாம்பு கோர்ட், சிங்கப்பூர்

தங்கள் வருகையையும் நீதியையும் ஒருசேர எதிர்பார்க்கும்,
உர்சுலா லாசரஸ்
(காட்சிப்பொருள் எண் 17)

மேற்கண்டவை உண்மை:
அழகப்பன், நடுவர்

இணைப்பு:
1. கையெழுத்துப் பட்டியல், மூன்று தாள்கள்
2. வானொலிச் சங்க ஆசிரியரின் பாதுகாப்புச் சான்று